வலி போச்சு... நடை ஏன் சாயுது?

"அம்மாவுக்கு இடுப்பு மூட்டு மாத்தி நாலு மாசம் ஆச்சு. வலி சுத்தமா இல்ல. ஆனா, ஒரு பக்கமா சாய்ஞ்சு சாய்ஞ்சு நடக்கறாங்க. ஆபரேஷன்ல ஏதாவது தப்பா?"

மூட்டு மாற்று சிகிச்சை பற்றிப் பேச்சு வந்தாலே இந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். பல நேரங்களில் பதில் ஒன்றுதான்: மூட்டு புதுசு, தசை பழசு.

ஒவ்வோர் அடி எடுத்து வைக்கும்போதும் ஒரு கணம் நாம் ஒற்றைக்காலில்தான் நிற்கிறோம். அப்போது, தூக்கிய காலின் பக்கம் இடுப்பு தொங்கிவிடாமல் பிடித்து நிறுத்துவது, ஊன்றிய காலின் பக்கவாட்டில் இருக்கும் புட்டத் தசை. பார்க்கில் குழந்தையோடு சீசா ஆடும் அப்பாவைப் பார்த்திருப்பீர்கள். குழந்தை நுனியில் உட்காரும். அப்பா நடுப்பகுதியை ஒட்டி உட்காருவார். அப்போதுதான் பலகை சமமாக நிற்கும். இடுப்பிலும் அதே கணக்குதான். நடு அச்சு, மூட்டு. உடல் எடை நுனியில் இருக்கிறது. தசையோ அதில் சுமார் பாதி தூரத்தில், அச்சுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே, சுமக்கும் எடையைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு அது இழுத்தாக வேண்டும்.

இந்த இழுப்பும் எடையும் சேர்ந்து மூட்டின் மேல்தான் விழும். ஜெர்மனியின் பெர்லினில் செயற்கை மூட்டுக்குள்ளேயே சென்சார் வைத்து அளந்தார்கள். சாதாரண நடைக்கே உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு! 60 கிலோ அம்மா என்றால் 150 கிலோ. கால் தடுக்கியபோது அது 7 மடங்கைத் தாண்டியதும் பதிவாகியிருக்கிறது. (சுருண்டு கிடக்கும் அந்த மிதியடியை முதலில் எடுத்துவிடுங்கள்.)

பலவீனமான தசையால் இவ்வளவு இழுக்க முடியாது. அதனால் உடல் ஒரு தந்திரம் செய்கிறது. மொத்த உடம்பையும் ஆபரேஷன் செய்த பக்கம் சாய்த்து, எடையை அச்சுக்குப் பக்கத்தில் நகர்த்திக்கொள்கிறது. அதுதான் அம்மாவின் சாய்ந்த நடை.

இந்தக் கணக்கை ஆபரேஷன் டேபிளுக்கே கொண்டுபோனவர், இங்கிலாந்தின் ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய டாக்டர் ஜான் சார்ன்லி. இன்றைய இடுப்பு மூட்டு மாற்றுக்கு வழிகாட்டியாக அமைந்த அவரது மூட்டு வந்தது 1962-ல். கிண்ணத்தை உள்பக்கமாகத் தள்ளி வைத்தார். தசை ஒட்டியிருக்கும் எலும்பு முனையை வெட்டி எடுத்து, வெளிப்பக்கமாக நகர்த்திப் பொருத்தினார். அதாவது, சீசாவில் அப்பாவைக் கொஞ்சம் பின்னால் தள்ளி உட்கார வைத்தார்! வெட்டிய எலும்பு சிலருக்கு ஒட்டாமல் போனதால் அந்த முறை பின்னாளில் குறைந்துவிட்டது. கணக்கு மட்டும் மாறவில்லை.

இப்போது டாக்டர்கள் எக்ஸ்ரேயிலேயே, மூட்டுப் பந்தின் மையத்துக்கும் தொடை எலும்பின் நடுக்கோட்டுக்கும் உள்ள இடைவெளியை அளக்கிறார்கள். 'ஆஃப்செட்' என்று பெயர். பெரியவர்களுக்கு 4 செ.மீ. அளவில் இருக்கும். புது மூட்டில் இது குறைந்தால் தசை தளர்ந்துவிடும். நடை சாயும், மூட்டு நழுவும் அபாயமும் கூடும். ரொம்பக் கூடினால் தொடையின் வெளிப்பக்கம் வலிக்கும். சில மில்லிமீட்டர் விஷயம்தான்!

அளவு கச்சிதமாக இருந்தாலும் தசைக்குத் தானாக பலம் வந்துவிடாது. வலிக்குப் பயந்து வருடக்கணக்கில் அந்தக் காலை ஒதுக்கியே நடந்ததில், ஆபரேஷனுக்கு முன்பே அது மெலிந்திருக்கும். பக்கவாட்டில் திறந்து செய்த ஆபரேஷன் என்றால், அந்தத் தசையின் ஒரு பகுதியையே பிரித்துத் திரும்பத் தைத்திருப்பார்கள். ஒரு வருடம் கழித்தும் பலருக்கு அந்தப் பக்கம் பலம் குறைவாகவே இருக்கிறது. 'வலிதான் போயிடுச்சே' என்று பிஸியோதெரபியை நிறுத்துவதில்தான் எனக்கு வருத்தம். சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு காலைப் பக்கவாட்டில் விரிப்பது, மல்லாந்து படுத்து முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது எல்லாம் எளிய பயிற்சிகள்தான். எப்போது தொடங்கலாம் என்பதை மட்டும் உங்கள் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். தசையைத் தைத்திருந்தால் சில வாரங்கள் பொறுக்க வேண்டியிருக்கும். சம்மணம், இந்தியன் டாய்லெட் விஷயத்திலும் அவர் சொல்வதுதான் கணக்கு.

கைத்தடியைப் பிடிக்க வேண்டியது எதிர்ப்பக்கக் கையில். வலது இடுப்பில் ஆபரேஷன் என்றால் இடது கையில். அந்தக் கை மூட்டிலிருந்து வெகுதூரத்தில் இருப்பதால், லேசாக ஊன்றினாலே தசையின் சுமை நன்றாகக் குறையும். மார்க்கெட் பையை எந்தக் கையில் தூக்குவது? ஆபரேஷன் செய்த பக்கத்துக் கையில்! எதிர்க்கையில் தூக்கினால் சீசாவின் நுனியில் இன்னொரு குழந்தையை ஏற்றிய மாதிரி.

தடியை எப்போது விடலாம்? டாக்டர் சரி என்ற பிறகு, ஒரு நாள் அம்மா தடி இல்லாமல் நடப்பதைப் பின்னாலிருந்து பாருங்கள். தோள் சாய்கிறதா? அப்படியென்றால், இன்னும் கொஞ்ச நாள் தடி இருக்கட்டும். சாய்வு மாதங்கள் கடந்தும் குறையவே இல்லை, அல்லது புதிதாக வலி வருகிறது என்றால், எக்ஸ்ரேயுடன் ஆபரேஷன் செய்த டாக்டரைப் போய்ப் பாருங்கள்.