உருக்குச் சட்டமும் தொழிற் சட்டமும்

பாரம் ஏற்றிச் செல்லும் லாரியைப் பார்ப்பவர்கள் அதன் யந்திரத்தையும் சக்கரங்களையும் கவனிப்பார்கள். பாரம் முழுவதையும் தாங்கி நிற்கும் இரண்டு நீண்ட உருக்குச் சட்டங்களைக் கவனிப்பவர் சிலரே. சேஸிஸ் என்று வழங்கும் அவ்வமைப்பு எவ்வாறு உருவாகிறது என்பதும், அதில் உழைப்போர் கதி யாது என்பதும் பொதுஜனங்கள் அறிய வேண்டிய விஷயங்கள்.

ரூர்கேலா, பொக்காரோ, ஜாம்ஷெட்பூர் ஆலைகளில் உருக்குப் பாளம் சுமார் 1,200 டிகிரி சென்டிகிரேடு உஷ்ணத்தில் காய்ச்சப்பட்டு, உருளைகளுக்கிடையே தகடாகி, பாய்போல் சுருட்டப்படுகிறது. லாரிச் சட்டத்துக்கான தகட்டின் கனம் பொதுவாக 6 முதல் 10 மில்லிமீட்டர். சுருண்டு கிடந்த தகடு அவ்வளைவை எளிதில் மறப்பதில்லை. அதை விரித்து, மேலும் கீழுமாக அமைந்த உருளைகளின் வழியே செலுத்தி நேராக்க வேண்டும். உள்ளே விறைப்பு தங்கிவிட்டால், வெட்டிய துண்டு கோணிக்கொள்ளும். பின்னர் துளையிட்டு, ஆயிரக்கணக்கான டன் அழுத்தமுள்ள பிரஸ்ஸில் 'ப' வடிவமாக மடிக்கிறார்கள். அழுத்தம் நீங்கியதும் உருக்கு சற்றே பின்வாங்கும். அதை முன்கூட்டியே கணக்கிட்டு அச்சை அமைப்பதுதான் இத்தொழிலின் நுட்பம்.

இந்நுட்பம் நமது தேசத்தில் வேரூன்றியிருப்பது பெருமைக்குரியது. 1948ல் அசோக் மோட்டார்ஸ் என ஸ்தாபிக்கப்பட்டு 1955ல் அசோக் லேலண்டு எனப் பெயர் மாறிய கம்பெனி சென்னையை அடுத்த எண்ணூரிலும், டெய்ம்லர் பென்ஸ் கம்பெனியின் ஒத்துழைப்புடன் 1954ல் டாட்டா கம்பெனி ஜாம்ஷெட்பூரிலும் லாரித் தொழிலை நிலைநாட்டின. 2018ல் இந்திய ஸர்க்கார் மூன்று அச்சு லாரியின் மொத்த எடை வரம்பை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தினார்கள். உருக்கின் பொறுப்பு அதிகரித்தது.

ஆனால் பெருமை பேசி நிறுத்திவிட நமக்கு மனம் வரவில்லை. நீண்ட சட்டங்கள் பெரிய ஆலைகளில், மனிதன் கை படாத தூரத்தில் மடிகின்றன. அவற்றோடு இணையும் தாங்கிகளும் தகட்டுத் துண்டுகளுமோ பெரும்பாலும் சிறு பட்டறைகளில், தொழிலாளி தன் கையாலேயே வைத்து எடுக்கும் பவர் பிரஸ்களில் உருவாகின்றன. பழைய மாதிரி சாவிக் கிளட்ச் உள்ள பிரஸ் ஒரு முறை இறங்கத் தொடங்கினால் நடுவில் நிற்காது. கை குறுக்கே வந்தால் யந்திரத்தை நிறுத்தும் ஒளித் திரையும் அதற்குப் பயன்படாது. ஹரியானாவின் மோட்டார் தொழில் வட்டாரங்களில் விரலிழந்த தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் என்பதையும், நசுங்கிய காயங்களில் பெரும்பங்கு பவர் பிரஸ்ஸால் நேர்ந்தவை என்பதையும் 'சேஃப் இன் இந்தியா' ஸ்தாபனம் 2019 முதல் தன் அறிக்கைகளில் எடுத்துக்காட்டி வருகிறது.

சட்டம் என்ன செய்கிறது? 1948ம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம், யந்திரசக்தி உபயோகிக்கும் இடத்தில் 10 தொழிலாளர் இருந்தாலே அதைத் தொழிற்சாலை என்று கொண்டது. அதன் 21வது பிரிவு அபாயகரமான யந்திர பாகங்களுக்குத் தடுப்பு வேண்டுமென விதித்தது. அதன் ஸ்தானத்தில் பார்லிமெண்டு 2020ல் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புக் கோவை 2025 நவம்பரில் அமுலுக்கு வந்தபோது, அந்த எண்ணிக்கை 20 ஆக உயர்ந்தது. 10 பேர் உள்ள ஸ்தாபனங்களுக்கும் பொதுக் கடமைகள் அக்கோவையில் உண்டென்பது மெய்யே. ஆயினும் தொழிற்சாலைக்கென்றே வகுத்த விதிகளின் பிடியிலிருந்து, அவை மிகவும் அவசியமான சிறு பட்டறைகளே நழுவுகின்றன. பிரஸ்ஸின் அடியில் அகப்பட்ட விரலுக்கு, பட்டறையில் 12 பேரா, 22 பேரா என்பது தெரியாது!

ஆகவே, பவர் பிரஸ் ஓடும் இடம் எதுவாயினும், ஆள் கணக்குப் பாராமல் அதைத் தொழிற்சாலையாகவே கருத வேண்டுமென்று நாம் வற்புறுத்துகிறோம். லாரி கம்பெனிகளுக்கும் ஒரு வார்த்தை. துளை இம்மி விலகினாலும் சரக்கைத் திருப்பியனுப்பும் நீங்கள், தடுப்பில்லாத பிரஸ்ஸில் உருவான சரக்கையும் அவ்வாறே திருப்பியனுப்புங்கள். வாங்குபவர் வேண்டாமென்றால், விற்பவர் மறுவாரமே பிரஸ்ஸை மாற்றுவார். தடுப்பில்லாத யந்திரத்தைத் தொட மறுக்கும் தொழிலாளியின் வேலைக்கு ஹானி வராமல் காப்பது தொழிற் சங்கங்களின் கடமை.

28 டன்னைத் தாங்கும் சட்டத்தை வார்க்கத் தெரிந்த தேசத்துக்கு, பத்து விரல்களைக் காக்கும் சட்டத்தை நடத்தத் தெரியாதா?