மீண்டும் முதல் குதியிலிருந்து

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். சறுக்கிய யானை மறுபடி எப்படி எழுந்து நடந்தது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை.

இரண்டாம் ஆண்டில் புள்ளியியல் பாடத்தில் தோற்றேன். அடுத்த ஆண்டு இளையவர்களோடு அமர்ந்து அதே பாடத்தை மறுபடி படிக்க வேண்டியதாயிற்று. வீட்டில் சொல்லவில்லை, விடுதி நண்பர்களிடமும் சொல்லவில்லை. பேரவைக் கூட்டங்களுக்குச் செல்வதையும் நிறுத்திக்கொண்டேன். "எப்போது பட்டமளிப்பு?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

அதற்கு முந்திய விடுமுறையில்தான், 2024 ஆகஸ்டு 2ஆம் நாள், பாரிஸ் ஒலிம்பிக்கில் டிராம்போலின் போட்டியைப் பார்த்தேன். நம் பேரங்காடிகளில் பிள்ளைகள் துள்ளி விளையாடுகிறார்களே, அதே டிராம்போலின்தான். ஆனால் போட்டியில் அது விளையாட்டல்ல. இடைவிடாமல் பத்துக் குதிகள். அவற்றில் குட்டிக்கரணமும் சுழற்சியும் உண்டு. கடினம், நேர்த்தி, காற்றில் மிதக்கும் நேரம், நடுவிலிருந்து விலகாமை ஆகிய நான்குக்கும் புள்ளிகள். இடையில் தடுமாறி நின்றுவிட்டால், எஞ்சிய குதிகளுக்குப் புள்ளியே கிடையாது.

அன்று 56.480 புள்ளிகள் பெற்றுத் தங்கம் வென்றவர் பிரிட்டனின் பிரையனி பேஜ். வயது 33. ஒன்பது வயதில் குதிக்கத் தொடங்கியவர். வளர்ந்து வந்த காலத்தில் அவருக்கு ஒரு விசித்திரமான சோதனை வந்தது. நன்கு தெரிந்த குதிகளையே அவரால் செய்ய முடியாமல் போயிற்று. உடலில் வலுவிருந்தும் மனம் மறுத்தது. டோக்கியோவில் 2021இல் சிமோன் பைல்ஸ் விலகியதும் இது போன்ற தடுமாற்றத்தால்தான். பேஜ் என்ன செய்தார்? அடிப்படைக் குதிகளுக்குத் திரும்பி, ஒவ்வொன்றாக மறுபடி கற்றார். 2012 லண்டன் ஒலிம்பிக் அவரில்லாமலே நடந்து முடிந்தது. இடையில் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தார். டைனோசர்கள் எழுப்பிய ஒலியைப் பற்றி ஆய்வேடு எழுதினார். பின்னர் 2016 ரியோவில் வெள்ளி, கணுக்கால் அறுவை சிகிச்சை, டோக்கியோவில் வெண்கலம், கடைசியில் பாரிஸில் தங்கம்.

"அவருக்குப் பயிற்றுநர் இருந்தார், நமக்குக் கல்விக் கடனும் பெற்றோரின் கனவும் அல்லவா இருக்கின்றன?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஒரு பருவம் கூடினால் செலவும் கூடும். கூடுதல் நேரம் வேலை செய்து பணம் அனுப்பும் அப்பாவின் முகம் கண்முன் வரும். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் மறைப்பதால் அந்தச் செலவு குறைகிறதா?

அந்த வகுப்பில் என்னைப் போலவே பாடத்தை மறுபடி எடுத்த இன்னொரு தமிழ் மாணவர் இருந்தார். அவர் ஒரு மூலையில், நான் ஒரு மூலையில். பார்த்தும் பாராதவர்போல் இருந்தோம். மூன்றாம் வாரத்திற்குப் பின் அவர் வரவில்லை. பிறகு படிப்பையே விட்டுவிட்டதாகக் கேள்விப்பட்டேன். நான் தேர்ச்சி பெற்றேன். அவரிடம் ஒரு வார்த்தை பேசியிருக்கலாமே என்ற உறுத்தல் இன்னும் தீரவில்லை.

புதுமுக மாணவர் வரவேற்பில் ஆண்டுதோறும் முன்னாள் மாணவர்கள் பேசுகிறார்கள். முதல் வகுப்புத் தேர்ச்சி, உயர்பதவி, வெளிநாட்டுப் படிப்பு. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கிறது. அந்த மேடையில், பாடத்தை மறுபடி எடுத்தவர் ஒருவருக்கும் பத்து நிமிடம் கொடுங்கள் என்பதே என் வேண்டுகோள். எந்தக் கதவைத் தட்டினார், யாரோடு சேர்ந்து படித்தார், வீட்டில் எப்படிச் சொன்னார் என்று அவர் சொல்லட்டும். அரங்கில் ஒளிந்திருக்கும் ஒருவருக்காவது அது எட்டும்.

பேச யாரும் முன்வரவில்லையென்றால் கவலை வேண்டாம். அடுத்த வரவேற்பில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு முன் அம்மாவிடமும் சொல்லிவிடுகிறேன்.