‘ஒருவர்’ என்னும் சொல்

ஆண், பெண் இருபாலார்க்கும் பொதுவாய் ஒருவரைச் சுட்டும் பெயர் ஆங்கிலத்தில் இல்லாமையால், அம்மொழியார் பன்மைச் சுட்டையே ஒருமைக்கும் ஆண்டு வரலாயினர். மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் 2019இல் அச்சுட்டையே ஆண்டின் சொல்லாக அறிவித்தனர். தமிழ் பயில்வார்க்கு இது புதுமையன்று. ‘ஒருவர்’ என்னும் பெயர் இருபாற்கும் உரியது என்றும், அது பன்மை வினை கொண்டு முடியும் என்றும் தொல்காப்பியர் பெயரியலில் கூறிச் சென்றார்.

இத்துணைச் செல்வம் கையிலிருந்தும் நாம் எவ்வாறு எழுதுகிறோம்? மாணவியர் நிறைந்த அவையிலும் ‘ஒவ்வொரு மாணவனும் தன் கடமையை உணர்க’ என்றே முழங்குகிறோம். ஆண்பாற் சொல் பெண்பாலையும் அடக்கும் என்பர் சிலர். அங்ஙனமாயின், ‘ஒவ்வொரு மாணவியும்’ என்று எழுதி ஆடவரையும் அதனுள் அடக்க அவர்கள் இசைவார்களா? ‘மாணவர்’, ‘குடிமக்கள்’ என்னும் பொதுச் சொற்கள் இருக்க இவ்வழக்கு எதற்கு? கவிஞர் என்றாலே போதுமான இடத்தில் ‘பெண் கவிஞர்’ என்கிறோம். ‘ஆண் கவிஞர்’ என எவரும் எழுதக் கண்டிலோம்.

இவற்றினும் கொடியவை சில உள. ‘வாழாவெட்டி’ என்பதற்கு ஆண்பால் உண்டா? மணமுறிவு இருவர்க்கும் பொது. வசை மட்டும் ஒருத்திக்கே உரியதாயிற்று. ‘இல்லத்தரசி’ என்பதோ புகழ்ச்சி போல் தோன்றும். அரசி என்னும் பட்டம் உண்டு, கருவூலந்தான் இல்லை! இந்திய உச்சநீதிமன்றம் 2023இல் வெளியிட்ட கையேடு, மனைவி என்னும் உறவை முன்னிறுத்தும் ஆங்கிலச் சொல்லை விலக்கி, இல்லத்தை உருவாக்குபவர் எனப் பொருள்படும் சொல்லைப் பரிந்துரைத்தது. உழைப்பைச் சுட்டும் சொல்லே தகுதியானது என்பது எம் கருத்து.

‘மாற்றுத்திறனாளி’ என்னும் சொல் 2010 முதல் தமிழக அரசு வழக்கில் நிலைபெற்றது. ஆயினும் மேடையேறியதும் ‘செவிடன் காதில் ஊதிய சங்கு’ என்கிறோம். செவிப்புலன் இழந்த மாணவர் ஒருவரின் பெற்றோர் முன்வரிசையில் இருக்கக்கூடும் என்பதை எண்ணுவதில்லை. மலர்களின் அட்டைப்படங்களும் அவ்வாறே: நூலேந்துபவர் ஆண், விளக்கேந்துபவர் பெண்.

தொடங்குவதற்கு எளிய இடம் அழைப்பிதழ். மணமாயினும் ஆகாவிடினும் ஆடவர் ‘திரு.’, பெண்டிரோ ‘திருமதி’, ‘செல்வி’ என இரு கூறு. ‘திருமிகு’ என்னும் அடைமொழி அனைவர்க்கும் பொருந்தும். உரையாற்ற வரும் அம்மையார் மணமானவரா என்று தொலைபேசியில் உசாவும் சங்கடமும் விழாக்குழுவினர்க்கு இராது.