நிறைந்த குளமும் காற்றின் கணக்கும்

மேட்டுப்பாளையத்திலிருந்து அன்னூர் வழியாக அவிநாசி செல்வோர் கண்டிருப்பர்: பவானிக் கரையின் வாழையும் பாக்கும் விரைவிலேயே விடைபெற, மானாவாரி நிலம் தொடங்கிவிடுகிறது. அவ்வறண்ட பகுதியின் குளங்குட்டைகளுக்குப் பவானியின் உபரிநீரைக் கொணரும் அத்திக்கடவு-அவிநாசித் திட்டம், அரை நூற்றாண்டுக்கும் மேலான கோரிக்கைக்குப் பின் 2024 ஆகஸ்டில் தொடங்கிவைக்கப்பட்டது. திட்டத்திலுள்ள நீர்நிலைகள் 1,045.

நீர் வருவது நற்செய்தி. ஆனால் நிலத்துக்கும் காற்றுக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கலும் அதனால் மாறுகிறது. மண்ணைச் சுட்ட வெயில் நீரை ஆவியாக்கச் செலவாகும், சுற்றுப்புறம் குளிரும். மறுபுறம், பிராணவாயு எட்டாத அடிச்சேற்றில் மீத்தேன் பிறக்கும். இவ்விரண்டும் எவ்வளவு?

குளக்கரையில் கோபுரம் நட்டு அளந்தால் அக்குளத்தின் கணக்கே கிடைக்கும். தாழப் பறக்கும் விமானமோ காற்றின் ஏற்ற இறக்கத்தையும், அது சுமக்கும் வெப்பம், ஈரம், வாயுக்களையும் நொடிக்குப் பல முறை ஒருசேர அளந்து, குளமும் தோட்டமும் ஊரும் கலந்த பரப்பின் வரவுசெலவைச் சொல்லும். 2016 பருவமழைக் காலத்தில், நிலமும் மழையும் கொள்ளும் உறவை ஆராயும் இன்கம்பாஸ் திட்டத்துக்காகப் பிரிட்டிஷ் ஆய்வு விமானம் பெங்களூரிலிருந்து பறந்தது. எனவே இது நம் வானுக்குப் புதிதன்று.

விமானம் சில மணிநேரமே காணும். ஆண்டு முழுதும் காவலிருக்கக் கோபுரமும் வேண்டும். ஆயினும், குளங்கள் நிறைந்திருக்கையில் ஒருமுறை, வற்றியபின் ஒருமுறை பறந்து அளக்க வேண்டும் என்பதே என் கருத்து. மீத்தேன் மிகுதியெனத் தெரிந்தால் குளத்தைத் தூர்ப்பது தீர்வாகாது. சாக்கடை கலப்பதைத் தடுப்பதும் வண்டலை அள்ளுவதுமே தீர்வு. எங்கே தொடங்குவது என்பதை அளவைதான் காட்டும். ஏறத்தாழ 1,900 கோடி ரூபாய் செலவிட்டு நீரைக் கொண்டுவந்தவர்களுக்கு அதன் பயனை அளப்பது பெருஞ்செலவாகிவிடாது.