மூணு மீட்டர் சந்துல என்னய்யா விழிப்புணர்வு?

மக்களே, "தொண்டு நிறுவனங்களும் அரசும் கைகோத்து குடியிருப்பு மக்களின் ஆரோக்கியம் காக்கும்"னு அடிக்கடி ஒரு செய்தி கண்ணுல படுது. உள்ள போய்ப் பார்த்தா பேனர், பொன்னாடை, கண் பரிசோதனை முகாம், கை கழுவுறது எப்படின்னு ஒரு வகுப்பு. அவங்க குடியிருக்கிற வீட்டைப் பத்தி மட்டும் ஒரு வார்த்தை இருக்காது.

பத்திக்கிட்டு வருது. ஏன்னு சொல்றேன்.

மும்பை கோவண்டி, மான்கூர்து பக்கம் லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பரேக் காம்பவுண்ட்னு ரெண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு. ரயில் பாதைக்கும் ரோட்டுக்கும் இடம் வேணும்னு காலி பண்ண வச்ச குடிசைவாசிகளைக் கொண்டுபோய் அடைச்ச இடம். 2018ல டாக்டர்ஸ் ஃபார் யூ அமைப்பும் ஐஐடி பாம்பேயும் சேர்ந்து செஞ்ச ஆய்வு ஒண்ணு வந்தது. அதே பகுதியில கொஞ்சம் தாராளமா இடம் விட்டுக் கட்டின பிஎம்ஜிபி காலனியோட ஒப்பிட்டா, இங்க காசநோய் பல மடங்கு அதிகம். அங்க இருக்கிறவங்க ஒண்ணும் பணக்காரங்க இல்ல. ஆனா இங்க கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவுல வெறும் 3 மீட்டர்தான். கீழ் மாடிகள்ல வெளிச்சமும் இல்ல, காத்தும் இல்ல. நோயும் அங்கதான் அதிகம்.

காசநோய்க் கிருமி காத்துல மிதக்கும். வெயில் பட்டா சாகும், காத்தோட்டம் இருந்தா கலைஞ்சு போகும். ரெண்டையும் அடைச்சுட்டு, "அவங்களுக்குச் சுத்தமா இருக்கத் தெரியாதுங்க"ன்னு ஏசி ரூம்ல உக்காந்து பேசுறவங்களை என்ன செய்யலாம்? ஆறு மாசம் மாத்திரை முழுங்கி குணமான மனுஷன் அதே இருட்டு ரூமுக்குத்தானே திரும்பிப் போகணும்?

கூட்டு முயற்சியே வேணாம்னு நான் சொல்லல. 1999ல புனே மாநகராட்சி என்ன செஞ்சது? கட்டுற செலவு எங்களோடது, வடிவமைச்சு, கட்டி, பராமரிக்கிறது உங்க பொறுப்புன்னு பொதுக் கழிப்பறைகளைத் தொண்டு அமைப்புகள்கிட்ட விட்டது. ஸ்பார்க், தேசிய குடிசைவாசிகள் கூட்டமைப்பு, மகிளா மிலன் மூணும் சேர்ந்து இறங்கிச்சு. கூட்டமைப்பை வளர்த்த ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயல்ல பொறந்த நம்மாளு. குடிசைப் பெண்களே வரைபடத்துல கை வச்சாங்க. பெண்களுக்குத் தனி வரிசை, குழந்தைகளுக்குச் சின்ன அளவுல தனிக் கழிப்பறை, பாத்துக்கிறவர் குடும்பத்தோட தங்க ஒரு ரூம். எந்த இன்ஜினியர் மண்டையில இது உதிச்சிருக்கும்? சேலையை இடுக்கிக்கிட்டு வரிசையில நின்னவளுக்குத்தான் தெரியும்.

ஆனா இதே கூட்டணிதான் மும்பை ரயில் பாதையோரக் குடும்பங்களை இடம் மாத்துறதுலயும் அரசோட கூட்டாளி. அங்க கணக்கெடுக்கவும் ஆளைக் கூட்டிப் போகவும் இவங்க வேணும். கட்டடங்களுக்கு நடுவுல எத்தனை மீட்டர்ங்கிறதை விதியைத் தளர்த்தின அரசும் பில்டரும் முடிவு பண்ணிக்குவாங்க. வரைபடத்துல கை வைக்க விடலேன்னா அதுக்குப் பேர் கூட்டு இல்ல, கூலி. (அமைப்புக்கார நண்பர்கள் சண்டைக்கு வரலாம், வாங்க :-))

நம்மூருக்கு வருவோம். 1970ல தொடங்கின குடிசை மாற்று வாரியம் 2021ல நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரை மாத்திக்கிச்சு. 2015 வெள்ளத்துக்கப்புறம் கூவம் கரையிலேர்ந்து பெரும்பாக்கத்துக்கு அள்ளிட்டுப் போனப்ப எந்த அம்மாகிட்ட வரைபடத்தைக் காட்டினாங்க? இப்ப ஊருக்குள்ள பழைய வாரியக் குடியிருப்புகளை இடிச்சுட்டு இன்னும் உயரமா கட்டுறாங்க. டெண்டருக்கு முன்னாடி அந்த வரைபடத்தைக் குடியிருப்புலயே ஒட்டட்டும். காசநோய் பாக்குற டாக்டர் ஒருத்தர் அதைப் பாத்து, கீழ் வீட்டுக்கு எத்தனை மணிநேரம் வெயில் வரும்னு கேக்கட்டும். பதில் வந்தப்புறம் பொன்னாடை போத்திக்கலாம்.