மாறிய கையெழுத்து

தோழர்களுக்கு,

இதழ் இம்முறையும் தாமதம். காகித விலை, அச்சகப் பாக்கி என்று வழக்கமான காரணங்கள் உண்டு. ஆனால் இந்தத் தலையங்கத்தை எழுத எனக்குக் கை வரவில்லை என்பதுதான் உண்மை.

எங்கள் தெருவில் ஒரு பையன். ஒன்பது வயது. பேச்சு வராது. காலையில் சிறப்புப் பள்ளி வேன் வரும், கைதட்டிக்கொண்டே ஏறுவான். ஒரு மழைக்காலத்தில் வேன் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். எப்போதோ நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தது. மணிக்கட்டைக் கடித்துக்கொண்டான். குளிப்பாட்ட டவுசரைக் கழற்றினால் அலறினான். 'அந்தப் புள்ள அப்பிடித்தாம்பா' என்றது தெரு. ஒருநாள் அவன் அம்மா தனியாகப் போராடுவதைப் பார்த்து, 'விடுக்கா' என்று நானே அவனைத் தூக்கி வேனில் உட்கார வைத்தேன். உதவி செய்துவிட்ட திருப்தியோடு பேங்குக்குப் போனேன். இரண்டு மாதம் கழித்து உள்தொடையில் இருந்த காயத்தை அக்கா பார்த்தார். யார் என்று கேட்டபோது, வேனில் உதவியாள் உட்காரும் சீட்டைக் கையால் அடித்து அடித்துக் காட்டினான் பையன்.

பேங்கில் என் வேலை, செக்கில் இருக்கும் கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுவது. ஒரு சுழி மாறினாலும் நிறுத்திவிடுவேன். ஒரு குழந்தையே மாறிப்போனதை நான் நிறுத்திப் பார்க்கவில்லை.

அடையாளம் என்பது மாற்றம்தான். நேற்றுவரை இருந்த குழந்தை எப்படி, இன்றைக்கு எப்படி? ஓடி விழுகிற குழந்தைக்கு முட்டியிலும் முழங்காலுக்குக் கீழேயும் அடிபடும். காதிலும் முதுகிலும் தொடையிடுக்கிலும் கன்றிப்போயிருந்தால் கேட்க வேண்டும். மணிக்கட்டில் கட்டிப்போட்ட தடம், காரணமில்லாத தூக்கம், தீராத பசி, ஒரு ஆளைக் கண்டால் மட்டும் நடுக்கம், வயதுக்கு மீறிய பாலியல் செய்கை, கற்ற சொல்லும் சைகையும் நின்றுபோவது, இவை எதையும் 'குறைபாட்டின் குணம்' என்று தள்ளிவிடக் கூடாது. பல்வலியாலும் மலச்சிக்கலாலும் மருந்து மாற்றத்தாலும்கூடச் சில மாற்றங்கள் வரலாம். ஆகவே டாக்டரிடம் காட்டுங்கள். ஆனால் 'அப்படித்தான்' என்று மட்டும் சொல்லாதீர்கள். அந்தச் சொல் குற்றவாளிக்குக் கிடைக்கிற ஜாமீன்.

2018இல் சென்னை அயனாவரத்தில், காது கேளாத பதினோரு வயதுச் சிறுமி மாதக்கணக்கில் வதைக்கப்பட்டாள். கைதான 17 பேரும் வேற்று ஊரிலிருந்து வந்தவர்கள் அல்ல. அவள் வாழ்ந்த குடியிருப்பிலேயே காவலாளியாக, லிப்ட் இயக்குபவராக அன்றாடம் கண்ணில் பட்டவர்கள். 2020 பிப்ரவரியில் 15 பேர் தண்டிக்கப்பட்டார்கள். வீட்டில் ஒருவர் காது கொடுத்த பிறகே இத்தனையும் நடந்தது.

இந்தக் குழந்தைகளைக் குளிப்பாட்டவும் தூக்கவும் கழுவிவிடவும் பலர் தொடுகிறார்கள். 'சொன்னபடி கேள்' என்று மட்டுமே பழக்குகிறோம். 'வேண்டாம்' என்று தலையாட்டவும், உடம்பின் ஒவ்வொரு உறுப்பையும் தொட்டுக் காட்டவும் பழக்குவதில்லை.

2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் தெளிவாக இருக்கிறது. குழந்தையின் ஊனத்தைப் பயன்படுத்திச் செய்கிற பாலியல் குற்றத்துக்குத் தண்டனை கூடுதல். வாக்குமூலம் வாங்கும்போது சைகை மொழிபெயர்ப்பாளரையோ சிறப்புக் கல்வியாளரையோ கேட்டுப் பெறலாம். தெரிந்தும் புகார் செய்யாதிருப்பது குற்றம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது. 1098க்குப் போன் செய்யுங்கள். துணியைத் துவைக்காமல் எடுத்து வையுங்கள், தேதி குறித்து வையுங்கள். துருவித் துருவிக் கேட்டுக் குழந்தை வாயில் நம் பதிலைத் திணிக்காதீர்கள்.

'இவன் சொல்றத எப்படி நம்புறது?' காவல்நிலைய வாசலில் நம் தாத்தன்மார் கேட்டுப் பழகிய கேள்விதான் இது. சேரியில் பிறந்த, பேச்சு வராத பிள்ளை அதை இரண்டு மடங்காகச் சுமக்கிறது. கேட்கிற கூட்டத்தில் நாமும் நிற்கிறோம் என்பதுதான் எனக்கு உறைக்கிறது. ஒடுக்கப்பட்டவனுக்கு உவமையாக 'ஊமை' என்று என் கவிதைகளில் எத்தனை முறை எழுதியிருக்கிறேன்! அந்தப் பையன் ஊமையாக இருந்ததே இல்லை. இரண்டு மாதம் உடம்பு முழுக்கப் பேசினான். நான்தான் தூக்கி வேனில் வைத்தேன்.

உங்கள் தெருவிலும் ஒரு பிள்ளை இருக்கும். இன்றைக்கே போய்ப் பாருங்கள், எப்படிச் சிரிக்கிறது, யாரிடம் போகிறது, எதற்கு அழுகிறது என்று. தெரிந்து வைத்திருந்தால்தான் மாறும்போது தெரியும்.

தோழமையுடன்,
ஆசிரியர்