முயலுக்கும் ஆதார் எண்ணா?

தாம்பரம் பக்கத்திலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி. வீட்டில் இரண்டு வெள்ளை முயல்கள். கேஸ் சிலிண்டர் வந்த நேரத்தில் கதவு திறந்திருக்க, ஒன்று படியிறங்கிப் போய்விட்டது. மூன்றாம் நாள், பின் தெருவில் ஒரு வீட்டு வராந்தாவில் அது கேரட் தின்றுகொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறார்கள். அந்த வீட்டுக் குழந்தை அதற்குள் பெயரே வைத்துவிட்டது. "இது எங்க முயல்" என்று இவர்கள் சொல்ல, "வெள்ளை முயல் எல்லாம் ஒரே மாதிரிதானேம்மா இருக்கு, உங்களுதுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று அவர்கள் கேட்க, இவரால் பதில் சொல்ல முடியவில்லை. கடைசியில் அந்த வீட்டுப் பாட்டிதான் மனமிரங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறார். இப்போது மகள், "ரெண்டுக்கும் மைக்ரோசிப் போட்டே ஆகணும்" என்கிறாளாம். அப்பாவோ, "அடுத்து அதுக்கு ரேஷன் கார்டும் வாங்கணுமா?" என்கிறாராம். யார் பக்கம் நியாயம் என்று கேட்டிருக்கிறார்.

அந்த அடுத்த வீட்டுக்காரர் கேட்ட கேள்வியில் தப்பில்லை. நாய் என்றால் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை ஆட்டி ஓடிவந்து சாட்சி சொல்லும். பூனைக்கு முகத்தில் ஒரு புள்ளியாவது இருக்கும். சிவப்புக் கண், வெள்ளை ரோமம் கொண்ட முயல்கள் பத்தை வரிசையாக உட்கார வைத்தால், வளர்த்தவரே சற்றுத் திணறித்தான் போவார். பண்ணைகளில் இதற்காகவே காதில் எண்ணைப் பச்சை குத்துகிறார்கள். வீட்டு முயலுக்கு நாய் மாதிரி கழுத்துப்பட்டை கட்டலாமே என்றால், வேண்டவே வேண்டாம். முன்னங்காலோ கீழ்த்தாடையோ அதில் மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து.

சரி, சிப் என்பது என்ன? அரிசி மணி அளவு கண்ணாடிக் குப்பி. வழக்கமான அளவு 12 மில்லிமீட்டர் நீளம், 2 மில்லிமீட்டர் தடிமன். தோள்பட்டைகளுக்கு நடுவே, தோலுக்கு அடியில் ஊசியால் செலுத்துவார்கள். அதில் பேட்டரி கிடையாது. ஸ்கேனரை அருகே கொண்டுவரும்போது மட்டும் விழித்துக்கொண்டு 15 இலக்க எண் ஒன்றைச் சொல்லும், அவ்வளவுதான். முயல் எந்தத் தெருவில் இருக்கிறது என்று போனில் காட்டாது. "சிப் போட்டா மேப்ல தெரியும்ல?" என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெரியாது. உங்கள் பெயரும் முகவரியும்கூட அதற்குள் இல்லை. அந்த எண்ணை ஏதாவது ஒரு பதிவேட்டில் உங்கள் போன் நம்பரோடு சேர்த்து வைத்திருந்தால்தான் பயன். சேர்க்காவிட்டால் முயலின் முதுகில் சும்மா ஒரு கண்ணாடி மணி.

சட்டம் என்ன சொல்கிறது? சென்னை மாநகராட்சி செல்ல நாய்களுக்கு உரிமத்தோடு சிப்பையும் கட்டாயமாக்கியிருக்கிறது. முயலுக்கு அப்படி எதுவும் இல்லை. இங்கிலாந்தில் நாய்களுக்கு 2016-லும் பூனைகளுக்கு 2024-லும் கட்டாயமானது; அங்கேயும் முயலை வளர்ப்பவரின் விருப்பத்துக்கே விட்டிருக்கிறார்கள்.

ஆக, முடிவு உங்கள் வீட்டைப் பொறுத்தது. தொலைந்த முயல் என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள். முயல் பெரும்பாலும் தூரம் போகாது. பயந்து, நிறுத்தி வைத்த காருக்கு அடியிலோ, மாடிப்படிக்குக் கீழோ, மோட்டார் ரூம் மூலையிலோ பதுங்கும். விடியற்காலையிலும் அந்தி சாயும் நேரத்திலும்தான் வெளியே தலைகாட்டும். துரத்தாமல், பழகிய கூண்டைத் திறந்து வைத்து, கொஞ்சம் கொத்தமல்லித் தழை போட்டுக் காத்திருந்தால் திரும்பக் கிடைக்க வாய்ப்பு உண்டு. தெருநாய், காக்கை, பூனை, சித்திரை வெயில், இவற்றிடம் சிக்கினால் சிப் காப்பாற்றாது. யாரோ ஒரு நல்ல மனிதர் எடுத்து, கால்நடை மருத்துவரிடமோ விலங்குநல அமைப்பிடமோ கொண்டுபோய், அவர்களும் ஸ்கேனரை எடுத்து வைத்துப் பார்த்தால், அந்த இடத்தில்தான் சிப்புக்கு வேலை. நம் ஊரில் நாயை ஸ்கேன் செய்யும் பழக்கமே இப்போதுதான் வருகிறது. முயலையும் ஸ்கேன் செய்வார்கள் என்று நம்பி இருந்துவிட முடியாது.

அப்படியானால் அப்பா சொல்வதுதான் சரியா? முழுக்க இல்லை. "இது யாருடையது" என்று தகராறு வரும்போது, உங்கள் கையில் சீட்டும் முயலின் உடம்பில் அதே எண்ணும் இருந்தால் வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும். ஊருக்குப் போகும்போது முயலை வேறிடத்தில் விட்டுச் செல்பவர்களுக்கும், வெளியே விளையாட விடுபவர்களுக்கும் அது நிம்மதி. நன்றாகப் பார்த்துக்கொண்டால் முயல் எட்டு, பத்து வருடம் இருக்கும். அத்தனை காலத்துக்கும் ஒரு முறை போட்டால் போதும்.

என் யோசனை இது: சிப்புக்காக மட்டும் முயலைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அந்தப் பணத்தையும் அலைச்சலையும் முதலில் கருத்தடைக்குச் செலவிடுங்கள். பெண் முயலுக்குக் கருத்தடை செய்யாமல் விட்டால் வயதாக ஆகக் கருப்பைப் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். ஆணும் பெண்ணுமாக வைத்திருந்தால் சொல்லவே வேண்டாம், 31 நாளில் கூண்டு நிரம்பிவிடும். அறுவை சிகிச்சைக்கு மயக்கம் கொடுத்திருக்கும்போதே சிப்பையும் போட்டுவிடச் சொல்லுங்கள். தடிமனான அந்த ஊசியின் வலி அதற்குத் தெரியாது. விழித்திருக்கும் முயல் பிடியில் உதைத்தால் தன் முதுகெலும்பையே முறித்துக்கொள்ளக்கூடும் என்பதால், எனக்கு இதுதான் பெரிய காரணமாகப் படுகிறது. ஒன்றை மறக்காதீர்கள். நாய், பூனையை அறுவை சிகிச்சைக்கு முன் பட்டினி போடுவார்கள். முயலால் வாந்தி எடுக்க முடியாது. அதன் குடல் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதனால் அதைப் பட்டினி போடக் கூடாது. "ராத்திரியிலிருந்து எதுவும் கொடுக்காதீங்க" என்று யாராவது சொன்னால், முயல்களைப் பார்த்துப் பழகிய வேறு மருத்துவரைத் தேடுங்கள்.

கருத்தடை ஏற்கெனவே ஆகிவிட்டது, முயலுக்கும் வயது ஏழு, வீட்டை விட்டு வெளியே வந்ததே இல்லை என்றால் சிப் வேண்டாம். பால்கனிக்கு வலை அடியுங்கள், அது போதும். தாம்பரம் வாசகியின் முயல்களுக்கு ஒன்றரை வயது, இரண்டும் பெண், கருத்தடை இன்னும் ஆகவில்லை, ஒன்று வேறு படியிறங்கிப் பழகிவிட்டது. அதனால் என் ஓட்டு மகளுக்கு.

போடுவதென்றால் சில விஷயங்கள். ஒரு கிலோ எடையுள்ள குட்டை ரக முயலுக்குச் சிறிய அளவு சிப் கிடைக்குமா என்று கேளுங்கள். 8 மில்லிமீட்டரில் இருக்கிறது. போடுவதற்கு முன்பே அதை ஒரு முறை ஸ்கேன் செய்து, பாக்கெட்டில் ஒட்டியிருக்கும் எண்ணும் திரையில் வரும் எண்ணும் ஒன்றுதானா என்று பாருங்கள். போட்ட பிறகு இன்னொரு முறை. சிப் சில நேரம் தோலுக்கடியில் நகர்ந்து தோளுக்கோ முன்னங்காலுக்கோ இறங்கிவிடும் என்பதால், வருடம் ஒரு முறை பரிசோதனைக்குப் போகும்போது ஸ்கேனரையும் உடம்பு முழுக்க ஓட்டச் சொல்லுங்கள். எந்தப் பதிவேட்டில் எண்ணைச் சேர்க்கிறார்கள், யார் சேர்ப்பது, மருத்துவமனையா நீங்களா என்பதைக் கிளம்பும் முன் கேட்டுவிடுங்கள். எண் ஸ்டிக்கரை முயலின் மருத்துவ அட்டையில் ஒட்டி, அதை ஒரு போட்டோ எடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு வையுங்கள். சிம் கார்டை மாற்றினால், பேங்க்குக்கும் கேஸ் ஏஜென்சிக்கும் புது நம்பர் சொல்லும் அன்றைக்கே முயலின் பதிவேட்டிலும் மாற்றிவிடுங்கள்.